வெள்ளிச் சிமிழும் 4 பைசா குச்சியும்

2 ரூபாய்த் தீப்பெட்டியில் 50 குச்சி. குச்சிக்கு 4 பைசா. 2007 முதல் 1 ரூபாயிலேயே நின்ற விலை 2021 டிசம்பர் 1-ல்தான் ஏறியது. அதற்குள் சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ஆகியிருந்தது. மெழுகு 58-லிருந்து 80. 600 பெட்டிக் கட்டு ஒன்றை 270–300 ரூபாய்க்குக் கொடுத்துவந்த உற்பத்தியாளர்கள் 430–480 கேட்டார்கள். அதாவது பெட்டிக்கு 80 பைசாவுக்கு மேல் போகவில்லை, வரியும் லாரி வாடகையும் தனி.

 

இந்த 4 பைசா சரக்கை வைக்க ஒரு காலத்தில் வெள்ளியில் சிமிழ் செய்தது எதற்கு? அன்றைய குச்சி எங்கே உரசினாலும் பற்றும், சட்டைப் பையிலும்கூட. அதனால் உலோக மூடி. 1880 முதல் 1914 வரை இங்கிலாந்தில், அதிலும் பர்மிங்காமில், செய்து குவித்தார்கள்.

25 கிராம் எடையுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். 92.5 வெள்ளி என்றால் சுத்தம் 23.1 கிராம். கிராம் 150 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்தால் உருக்கி விற்றால் கிடைக்கும் ‘உருக்கு விலை’ சுமார் 3,470. அதற்கு மேல் கேட்பதெல்லாம் முத்திரைக்கும் வேலைப்பாட்டுக்கும்தான். மூடியைத் திறந்து பாருங்கள்: நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5, பக்கத்து எழுத்து ஆண்டைச் சொல்லும். சிங்கம் தேய்ந்து வெறும் மேடாகிவிட்டால் நான் உருக்கு விலைக்கு மேல் ஒரு ரூபாய் தரமாட்டேன். கீலில் ஈயப் பற்று தெரிந்தாலும் அப்படியே. சாமி உருவங்கள் எழும்பி நிற்கும் மெட்ராஸ் வேலை கிடைத்தால் கணக்கே வேறு; அந்த பாணிக்குப் பேர்போன பி.ஆர் அண்டு சன்ஸ் 1849-லிருந்து இருக்கிற கடை.

வேடிக்கை, சிமிழின் அடியிலுள்ள வரிப்பள்ளத்தில் நம் குச்சியை எத்தனை முறை உரசினாலும் பற்றாது. பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது, குச்சியில் இல்லை. பழைய குச்சியில் இருந்த, தொழிலாளர் தாடையை அரித்த வெள்ளை பாஸ்பரஸை 1906 பெர்ன் ஒப்பந்தமும், இந்தியாவில் 1913 சட்டமும் விலக்கின.

செலவுப் பக்கத்தில் கடைசி வரி: 100 ஆண்டு கடந்த கைவினைப் பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அப்படி வந்தால், இங்கே வாங்கி லண்டனில் விற்று லாபம் பார்க்கும் கணக்கு செல்லாது. தனியாருக்கு ஏற்றுமதி தடை.