கண்ணாடித் தொட்டியில் ஒரு குடும்பச் சண்டை!

காலையில் எழுந்து மீன் தொட்டியைப் பார்க்கிறீர்கள். நேற்று வரை தொட்டி முழுவதும் சுற்றித் திரிந்த மீன்கள் எல்லாம் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றுக்கு வால் கிழிந்திருக்கிறது. இன்னொன்றுக்குச் செதில் பெயர்ந்திருக்கிறது. எதிர் மூலையில், கறுப்பு வரி போட்ட இரண்டு மீன்கள் மட்டும் ராஜா ராணி போல உலவுகின்றன.

தண்ணீர் கெட்டுவிட்டதோ, நோய் வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அந்த ராஜா ராணிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் மண் சட்டிக்குள் எட்டிப் பாருங்கள். முட்டை இருக்கும்!

இந்த மீனுக்குக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர் கான்விக்ட். கான்விக்ட் என்றால் சிறைக்கைதி. பழைய காலத்துக் கைதிகளின் வரிச் சட்டை போல உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு இருப்பதால் இந்தப் பெயர். சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. விலை மலிவு. ஆழ்குழாய்க் கிணற்றின் கடினமான தண்ணீரைக்கூடத் தாங்கும். ஆண் பெரியது. பெண் சிறியது, ஆனால் வயிற்றில் ஆரஞ்சு நிறம் மின்னும். மீன்களில் ஆண்தான் அழகு என்பார்கள். இங்கே பெண்தான் அழகு.

சிக்லிட் என்னும் பெரிய மீன் குலத்தைச் சேர்ந்தது இது. ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார் எல்லாம் இதே குலம். சந்தையில் விற்கும் ஜிலேபி மீன்கூட இதே குலம்தான்! கேரளத்தார் கொண்டாடும் கரிமீனும் இவர்களுக்கு உறவு.

கெண்டை மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும், அதோடு போய்விடும். பிள்ளை பிழைத்ததா, செத்ததா என்று திரும்பிப் பார்க்காது. சிக்லிட் அப்படி இல்லை. பிள்ளைகளை வளர்க்கும். வளர்க்கிற வரைக்கும் ஊரோடு சண்டை போடும். அதனால்தான் மற்ற மீன்கள் மூலைக்கு ஓடின.

எட்டு நாள் காவல்

முட்டைகள் நூறு, இருநூறு இருக்கும். சட்டியின் உட்புறம் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். தாய் மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். விசிறாவிட்டால் முட்டைக்குக் காற்று போதாது, பூஞ்சை பிடித்துவிடும். வெள்ளையாகக் கெட்டுப்போன முட்டையை அதுவே பொறுக்கித் தின்றுவிடும். தகப்பன் வெளியே காவல்.

தண்ணீர் வெதுவெதுப்பாக, 26 முதல் 28 டிகிரி வரை இருந்தால், மூன்றாம் நாள் முட்டை பொரியும். பொரிந்த குஞ்சு உடனே நீந்தாது. வயிற்றில் மஞ்சள் கருப்பையோடு குவியலாகக் கிடந்து நெளியும். தாயும் தகப்பனும் கூழாங்கல்லில் வாயால் குழி பறித்து, குஞ்சுகளை வாயில் கவ்விக் கொண்டுபோய் அங்கே வைக்கும். மறுநாள் வேறு குழிக்கு மாற்றும். காலையில் சட்டி காலியாக இருந்தால் போச்சு, தின்றுவிட்டது என்று சிலர் அலறுவார்கள். வேறு மூலையில் தேடிப் பாருங்கள்.

முட்டையிட்ட ஏழாம் நாளோ, எட்டாம் நாளோ குஞ்சுகள் எழும்பி நீந்தும். கொசுக் கூட்டம் போல ஒரு சின்ன மேகம் தாய்க்குப் பின்னால் நகரும். வீட்டுக் குழந்தைகள் அன்று பள்ளிக்குப் போகவே மறுப்பார்கள்.

நான் செய்த தவறு

முதல் தடவை எங்கள் வீட்டுத் தொட்டியில் இது நடந்தபோது, எனக்கு மற்ற மீன்கள் மேல்தான் கோபம் வந்தது. ‘இவை குஞ்சுகளைத் தின்றுவிடுமே’ என்று நினைத்தேன். கௌராமி, டெட்ரா, தொட்டியைச் சுத்தம் செய்யும் சக்கர் மீன் எல்லாவற்றையும் வலையில் அள்ளி வேறு பாத்திரத்தில் விட்டேன். தொட்டி முழுவதும் அந்தத் தம்பதிக்கே. இனி நிம்மதி என்று என் மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

என்ன ஆயிற்று தெரியுமா?

மறுநாளே ஆண் மீன் பெண் மீனைத் துரத்த ஆரம்பித்தது. அது சட்டிக்குப் பின்னால் ஒளிந்தது. அங்கேயும் போய்க் கடித்தது. பெண் மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில், காற்றுக் குழாய்க்குப் பின்னால் தலை நிமிர்ந்து ஒண்டி நின்றது. இது ஏதோ விளையாட்டு என்று நான் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை அது செத்து மிதந்தது. குஞ்சுகளில் ஒன்றுகூட இல்லை.

“எதிரியை எல்லாம் எடுத்துட்டோமே அப்பா, அப்புறம் ஏன்?” என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் ஒரு புத்தகத்தில் இருந்தது. ஆஸ்திரியா நாட்டில் கான்ராட் லோரென்ஸ் என்று ஒரு பெரிய விஞ்ஞானி இருந்தார். மிருகங்கள், பறவைகள், மீன்கள் எப்படிப் பழகுகின்றன என்று ஆராய்ந்தவர். 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். வீட்டிலேயே தொட்டி வைத்து சிக்லிட் மீன்களை வளர்த்தவர். 1963இல் வெளிவந்த தமது நூலில் அவர் இந்தக் குடும்பச் சண்டையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

குஞ்சு வைத்திருக்கும் ஆண் சிக்லிட்டுக்குக் கோபம் பொங்கிக்கொண்டே இருக்கும். அதைக் காட்ட ஓர் எதிரி வேண்டும். எதிரி இருந்தால் அவன் மேல் பாயும். ஒருவருமே இல்லாவிட்டால் கட்டின மனைவி மேல் பாயும்! ஒரே தொட்டியை நடுவில் கண்ணாடி வைத்துத் தடுத்து, இரண்டு பக்கமும் இரண்டு ஜோடிகளை விட்டால் நிலைமை வேறு. ஆண்கள் இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குள் அமைதி நிலவும். கொஞ்ச நாளில் கண்ணாடியில் பாசி படிந்து பக்கத்து வீடு மங்கிவிட்டால், உடனே வீட்டுக்குள் அடிதடி! கண்ணாடியைத் துடைத்துவிட்டால் பழையபடி சமாதானம்.

மனிதர்களில் இப்படி யாராவது உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கண்ணாடித் தடுப்பு

ஆகவே, பல மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டியில் சிக்லிட் குஞ்சு வளர்க்க வேண்டுமானால், மற்ற மீன்களை விரட்டிவிடக் கூடாது. அவற்றை அடிபட விடவும் கூடாது. அவை தம்பதியின் கண்ணில் படவேண்டும், வாயில் படக்கூடாது. அவ்வளவுதான் இரகசியம்.

இரண்டாம் தடவை நான் செய்தது இது. கண்ணாடிக் கடையில் தொட்டியின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு கண்ணாடி வெட்டி வாங்கினேன். ஓரங்களைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் கை கிழியும். அதைத் தொட்டியின் நடுவில் நிறுத்தி, பக்கத்தில் இருந்த அரை அங்குல இடைவெளியில் நீளமான பஞ்சுத் துண்டைச் செருகினேன். தண்ணீர் ஊடாடும். குஞ்சு போகாது. தம்பதியும் சட்டியும் ஒரு பக்கம். மற்ற எல்லாரும் இன்னொரு பக்கம். கௌராமி நிம்மதியாக மூச்சு விட்டது. ஆண் கான்விக்ட் நாள் முழுவதும் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. மனைவியைத் தொடவில்லை.

மறைப்புத் தடுப்பு போடாதீர்கள். பலகையோ, அட்டையோ வைத்தால் பழைய கதைதான். கண்ணாடியில் பாசி படியவும் விடாதீர்கள்.

தொட்டி நான்கு அடி நீளமாவது இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர்கள் தம்பதியை வேறு தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டிக்குப் பக்கத்தில் கண்ணோடு கண் தெரியும்படி வைக்கலாம். ஆனால் குஞ்சு நெளிந்துகொண்டிருக்கும் நாட்களில் மாற்றினால் மிரண்டுபோய்த் தாங்களே குஞ்சைத் தின்றுவிடக் கூடும். ஜோடி சேர்ந்தது தெரிந்ததும், முட்டையிடுவதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

இரவுதான் ஆபத்து. பகலில் தகப்பன் விரட்டியடிக்கும் சக்கர் மீன், இருட்டில் மெல்ல ஊர்ந்து வந்து முட்டையைச் சுரண்டித் தின்றுவிடும். தடுப்பு வைக்க முடியாதவர்கள் முதல் பத்து நாளைக்குத் தொட்டிக்கு அருகே சிறிய விடிவிளக்கு ஒன்று எரியவிடுங்கள். தொட்டி விளக்கைப் பட்டென்று அணைக்கவும் கூடாது. அறை விளக்கு எரியும்போதே அதை அணைத்து, சிறிது நேரம் கழித்து அறை விளக்கை அணையுங்கள். அதற்குள் தாய் பிள்ளைகளைச் சட்டிக்குள் அழைத்துக்கொள்ளும்.

இன்னொரு எமன், பில்டர் மோட்டார். குஞ்சுகளை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும். வாயில் பஞ்சு கட்டுங்கள். காற்றில் ஓடும் பஞ்சு பில்டர் அதைவிடச் சிறந்தது. அதில் படியும் நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் மேயும்.

சாப்பாடு

பழைய வழக்கம், அவித்த முட்டையின் மஞ்சள் கரு. மெல்லிய துணியில் கடுகளவு வைத்துத் தண்ணீரில் கசக்கிப் பிழிவார்கள். குஞ்சு தின்னும். ஆனால் மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பசியால் செத்த குஞ்சைவிட இப்படி அழுகின தண்ணீரில் செத்த குஞ்சுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

ஆர்டீமியா என்னும் சிற்றுயிரின் முட்டை வண்ண மீன் கடைகளில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அளவு கல்லுப்பு கரைத்து, சிட்டிகை முட்டை போட்டு, காற்றுக் குழாய் விட்டு வைத்தால் ஒன்று, ஒன்றரை நாளில் பொரியும். செம்மஞ்சள் புள்ளிகளாகத் துள்ளும். துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, நாளைக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நிறைந்த வயிறுகள் செம்மஞ்சளாகத் தெரியும். கான்விக்ட் குஞ்சு நீந்திய முதல் நாளே இதைத் தின்னும் அளவுக்குப் பெரியது.

காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்றை அலசி ஊறவைத்துத் தொட்டியில் போட்டுப் பாருங்கள். தாயோ தகப்பனோ அதை வாயால் தூக்கிப் புரட்டும். அடியில் இருக்கும் தின்பண்டத்தைக் குஞ்சுகள் ஓடிவந்து பொறுக்கும். தாய் சில சமயம் தரையோடு படிந்து துடுப்பை அடித்து மண்ணைக் கிளப்பிக் கொடுக்கும். கோழி கிளறுவது போலத்தான்.

லோரென்ஸ் 1949இல் எழுதிய நூலில் இன்னொரு அதிசயமும் சொல்கிறார். அது வேறு சிக்லிட். ஆப்பிரிக்காவின் நகை மீன். மாலை நேரம். தாய் பிள்ளைகளைக் குழியில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. வழி தவறிய பிள்ளைகளைத் தகப்பன் தேடிப் பிடித்து வருகிறது. அப்போது அவர் மண்புழுத் துண்டு போட்டார். தகப்பன் அதைக் கவ்வி மென்றது. அதே நேரம் எதிரே ஒரு குஞ்சு தனியாகப் போகிறது! பாய்ந்து அதையும் வாயில் போட்டுக்கொண்டது. இப்போது வாய்க்குள் இரண்டு. ஒன்று வயிற்றுக்கு. ஒன்று வீட்டுக்கு. விழுங்கவா, துப்பவா? மீன் அசையாமல் நின்றது. பிறகு இரண்டையும் வெளியே துப்பியது. புழுவை நிதானமாகத் தின்றது. ஒரு கண் மட்டும் குஞ்சின் மேலேயே. தின்று முடித்ததும் குஞ்சை வாயில் எடுத்துக்கொண்டு தாயிடம் சேர்த்தது. பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் கை தட்டினார்களாம்!

தண்ணீர் விஷயம் ஒன்றுதான் பாக்கி. ஒருநாள் விட்டு ஒருநாள் பத்தில் ஒரு பங்கு மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். அழுக்கை உறிஞ்சக் காற்றுக் குழாய் போதும். பெரிய குழாய் வைத்தால் குஞ்சும் போய்விடும். உறிஞ்சிய தண்ணீரை உடனே கொட்டாமல் வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று குஞ்சு அதில் நிச்சயம் இருக்கும்.

நூறு மீனை என்ன செய்வது?

ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தம்பதி மறுபடி முட்டையிடத் தயாராகும். அப்போது பழைய பிள்ளைகளையே எதிரியாக நினைத்துத் துரத்தும். அதற்குமுன் அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

இங்கேதான் பலருக்குத் தலைவலி. சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் வியாபாரம் நடக்கும் இடங்களில்கூட கான்விக்ட் குஞ்சை ஆவலோடு வாங்குவார் இல்லை. மிகச் சுலபமாகப் பெருகும் மீன் அல்லவா? ஆகவே குஞ்சு வளர்க்கத் தொடங்கும் முன்பே, யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துவிடுங்கள். வேண்டாம் என்றால் முட்டை இருக்கும் சட்டியை முதல் நாளே எடுத்துவிடலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

கோயில் குளத்திலோ, ஏரியிலோ கொண்டுபோய் விடுவதுதான் பாவம். ‘பிழைத்துப் போகட்டும்’ என்று இரக்கப்பட்டுச் செய்வார்கள். ஆப்பிரிக்க ஜிலேபி மீன் 1952இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத குளம் எது? நம் நாட்டு மீனின் தீனியையும் இடத்தையும் அது பிடித்துக்கொண்டது. கான்விக்ட் மீனும் அதே குலம். ஆஸ்திரேலியாவில் சில நீர்நிலைகளில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது.

எங்கள் வீட்டில் இரண்டாம் தடவை பிழைத்தவற்றை மகள் எண்ண முயன்று, அறுபதுக்கு மேல் கணக்குத் தவறி விட்டுவிட்டாள். பெரும்பாலானவற்றை ஒரு கடைக்காரர் விலையில்லாமல் எடுத்துக்கொண்டார். நான்கு மட்டும் வீட்டில் இருக்கின்றன. நான்கும் ஆண்தானா என்று வயிற்றை உற்றுப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டோம். போன வாரம் ஒன்றின் வயிற்றில் லேசாக ஆரஞ்சு நிறம் தெரிகிறது.