தோட்டங்கள் போன பின்னும் நிற்கும் கடைத்தெரு

கிள்ளானுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் ஊரைப் பெரும்பாலும் கார் கண்ணாடி வழியாகத்தான் அறிகிறார்கள். புக்கிட் திங்கியில் வீடு, கூட்டரசு நெடுஞ்சாலையில் வேலைக்குப் போக்குவரத்து, சனி ஞாயிறு பேரங்காடி. 2024 பிப்ரவரி 5 அன்று மாநகராகிவிட்ட ஊருக்கு இது போதும் என்று தோன்றலாம். ஆனால் இந்த ஊர் எப்படி உருவானது, இங்கே ஏன் இத்தனை தமிழர்கள் என்ற கேள்விகளுக்கு இந்த வாழ்க்கை முறையில் பதில் கிடைக்காது. அதற்கு ஜாலான் தெங்கு கிளானாவில் நடக்க வேண்டும். 'லிட்டில் இந்தியா' என்று பெயர் பெற்றுவிட்டதால் பலர் அதைப் பண்டிகைச் சந்தையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு நகரத்தில் இருந்த கடைவாசல் அது என்று பார்த்தால்தான் அங்குள்ள ஒவ்வொரு கடைக்கும் காரணம் புலப்படும்.

அந்தத் தெரு ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருப்பது தற்செயல் இல்லை. 1880இல் சிலாங்கூரின் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறியதும் கிள்ளான் படுத்துவிடவில்லை. ஈயத்துக்கும் பிறகு ரப்பருக்கும் அதுதான் கடல்வாசல். 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை வந்த ரயில், 1890இல் கிள்ளான் ஆற்றைக் கடந்து ஊருக்குள் நுழைந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. ரப்பர் விலை ஏற ஏறச் சுற்றியிருந்த காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். அரிசி பருப்புக்குத் தோட்டத்துக் கடையே போதும், அதுவும் கடனுக்கு. அங்கே கிடைக்காதவற்றுக்குத்தான் நகரம்: வேட்டி சேலை, பித்தளைப் பாத்திரம், பூஜைச் சாமான், எல்லாவற்றுக்கும் மேலாக நகை. லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம்; வேலை போனால் வீடும் போகும். நிலமில்லாத குடும்பம் கையோடு எடுத்துப் போகக்கூடிய ஒரே சொத்து தங்கம். ஒரே தெருவில் இத்தனை நகைக்கடைகள் நெருக்கியடித்து நிற்பதை ஆடம்பர மோகம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. வங்கிக் கணக்கு எட்டாக்கனியாக இருந்த காலத்தின் சேமிப்புப் பழக்கம் அது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நகரத்துக்கு வருவதில் இன்னொரு கணக்கும் இருந்தது, மரியாதைக் கணக்கு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலியோடு தொழிலாளர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய வழக்கத்தை ஒழிப்பது. அவர்களை அணிதிரட்டிய ஆர். எச். நாதன் கைதானபோது தொழிலாளர்கள் கிள்ளானில் திரண்டார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தார்கள். தோட்டத்துச் சாலையில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்தவனுக்குக் கடைத்தெருவில் கிடைத்தது வாடிக்கையாளன் என்ற மரியாதை.

அது பழங்கதை, தோட்டங்களே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது, செம்பனை வீடமைப்புக்கு வழிவிட்டது. புக்கிட் ராஜா என்ற தோட்டப் பெயர் இன்று குடியிருப்புக்கும் பேரங்காடிக்கும் பெயர். ஆனால் தோட்டம் கலைந்தபோது மக்கள் ஒரே இடத்துக்குப் போகவில்லை. காப்பார், மேரு, பண்டமாரான் என்று சிதறினார்கள். சிதறியவர்களுக்குப் பொதுவாக மிஞ்சியது இந்தத் தெரு. கல்யாணத்துக்குத் தாலி செய்ய, காதுகுத்துக்கு மாலை கட்டச் சொல்ல, இன்றும் இங்கேதான் வருகிறார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்குள்ள தமிழர் வாழ்வும் ரயில்வேயை ஒட்டி வளர்ந்த பழைய வாழ்வுதான்; ஆனால் அதன் இன்றைய 'லிட்டில் இந்தியா' தோற்றம் அரசாங்கத் திட்டம், 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் திறந்து வைத்தது. கிள்ளானில் கடைகள் முதலில் வந்தன, பெயர் பின்னால் வந்தது.

இது இந்தியர் தெருதானே, ஊரின் முழு முகமாக எப்படி ஆகும் என்பது கனமான மறுப்பு. ஆனால் இதே சாலையில் 1928இல் எழுந்த லூர்து மாதா தேவாலயம் இருக்கிறது, இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் இருக்கிறது. சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் இம் கோயில், பக் குட் தே உணவுக்கடைகள். கார் நிறுத்த இடமில்லை என்ற குறைக்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை. அதனால் கொமுட்டர் ரயிலில் வருவதே உத்தமம். அதுவும் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் வேண்டாம், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அப்போதுதான் பூக்கடைக்காரரும் பேச நேரம் வைத்திருப்பார்.