உப்புத் தண்ணீரும் ஒரு புது பிளேடும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்பென்னாத்தூர் சலூன்களில் பெஞ்சு காலியாக இருக்காது. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் பலர் முடியில் கை வைக்க மாட்டார்கள். ஆகவே வாரத்துத் தாடியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கே சேர்ந்துவிடுகிறது. கடைக்காரர் ஒரு பிளேடை எடுக்கிறார். உள்காகிதத்தைப் பிரிக்காமலே நீளவாக்கில் மடக்குகிறார். டக்கென்று ஒரு சத்தம், பிளேடு இரண்டாகிவிடுகிறது. ஒரு பாதியைக் கத்தியில் செருகி மூடுகிறார். மறுபாதி காகிதத்தோடு அடுத்த ஆளுக்குக் காத்திருக்கிறது.

“அண்ணே, புது பிளேடுதானே?”

இன்று சாதாரணமாகக் கேட்கப்படும் இந்தக் கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டவர்கள் குறைவு. அப்போது நீளக் கத்தி ஒன்றுதான். கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்து, அதே கத்தியில் காலையிலிருந்து மாலை வரை ஊருக்கே சவரம் நடந்தது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அதன் பிறகு வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்கள் புது பிளேடு என்ற சொல்லைக் கிராமத்து நாற்காலி வரை கொண்டு போயின. உண்மையில் சவரக் கத்தியில் எச்.ஐ.வி.யைவிட அஞ்ச வேண்டியது ஹெபடைடிஸ் பி. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ரத்தம் காய்ந்துபோனாலும் அந்தக் கிருமி குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். இதே காரணத்தால் ஒரே படிகாரக் கட்டியை எல்லோர் கன்னத்திலும் தேய்ப்பதும் தவறு. படிகாரம் ரத்தத்தைக் கட்டும், உண்மைதான். ஆனால் ஒருவர் கீறலில் பட்ட கட்டி அடுத்தவர் கீறலில் படக் கூடாது.

சலூனில் கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான். வீட்டில் தானே ஷேவ் பண்ணுகிறவருக்குக் கேள்விகள் கூடுதல். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் எதை எடுப்பது? சிலருக்கு முகம் எரிகிறது, கழுத்தில் சிவப்புப் புள்ளிகள் கிளம்புகின்றன. பிளேடுதான் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

பாதி நேரம் பழி பிளேடு மேல் இல்லை, தண்ணீர் மேல்தான். காய்ந்த தாடி முடி முரடானது. இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறினால் அது நீரைக் குடித்து உப்பி மெத்தென்று ஆகிவிடும். அறுக்கத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறையும். குளித்துவிட்டு வந்து ஷேவ் பண்ணினால் சுகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் கீழ்பென்னாத்தூர் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டம் பாறைப்பாங்கான பூமி. பல ஊர்களில் கிணற்றிலும் போர்வெல்லிலும் வருவது உப்புத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படிந்துவிடும். நுரை எழும்பாது. எழுந்தாலும் பாதி முகம் முடிவதற்குள் அடங்கிவிடும். நுரை இல்லாத இடத்தில் பிளேடு தோலோடு நேராக உரசுகிறது. எந்த ஊர் பிளேடாக இருந்தாலும் எரியத்தான் செய்யும். குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் அரை டம்ளரைச் சூடு பண்ணி, பிரஷ்ஷால் பொறுமையாக நுரை கட்டிப் பாருங்கள். அதே பிளேடு வேறு பிளேடு போலத் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் ஜில்லெட் நிறுவனமே இந்தியாவில் ஒரு பாடம் கற்றது. 2002 வாக்கில் இந்தியர்களுக்கென்று இரட்டை அலகு ரேசர் ஒன்றைத் தயாரித்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தபோது நன்றாகவே வேலை செய்தது. இங்கே வந்ததும் முடி அடைத்துக்கொண்டது. அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. இங்கே பெரும்பாலானோர் முன்னால் இருந்தது ஒரு டம்ளர் தண்ணீர். பல நாள் தாடியை மழித்துவிட்டு ரேசரை டம்ளரில் அலசினால் இரண்டு அலகுக்கு நடுவில் சிக்கிய முடி வெளியே வராது. பிறகு அந்த நிறுவனத்தார் இந்திய வீடுகளுக்கே வந்து, ஆண்கள் ஷேவ் பண்ணுவதைப் பக்கத்திலிருந்து மணிக்கணக்கில் பார்த்தார்கள். 2010-இல் வந்த ‘கார்ட்’ ரேசருக்கு ஒரே அலகுதான். அப்போது ரேசர் 15 ரூபாய், மாற்று அலகு 5 ரூபாய். டம்ளர் தண்ணீரில் எளிதாக அலசும்படி அதை வடிவமைத்திருந்தார்கள்.

இனி பிளேடுக்கு வருவோம். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமன் உள்ள இந்தத் தகட்டைத் தூக்கி எறியும் பொருளாக விற்றுக் காட்டியவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். விற்பனை தொடங்கிய 1903-இல் போனது 51 ரேசரும் 168 பிளேடும்தான். அந்தக் காலத்து பிளேடுகள் கார்பன் எஃகு. ஈரம் பட்டால் மறுநாளே துரு ஏறும். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வார்டு நிறுவனம் துருப்பிடிக்காத எஃகில் பிளேடு விற்கத் தொடங்கியதும் சந்தையே மாறியது. நம் கடைகளில் பழகிய டோபாஸ், லேசர், சூப்பர்மேக்ஸ் மூன்றும் மல்ஹோத்ரா என்ற ஒரே குடும்பத்தின் தொழிலிலிருந்து வந்தவை. 1980-களில் ஜில்லெட் இந்தியாவுக்கு வந்தபின் அதன் செவன் ஓ கிளாக் பிளேடு வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது.

உறையில் ‘பிளாட்டினம்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து முழு பிளேடும் பிளாட்டினம் என்று நினைப்பவர்கள் உண்டு. அடியில் இருப்பது சுமார் 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகுதான். கூரின் மேல் குரோமியமோ பிளாட்டினம் கலவையோ மிக மெல்லிய பூச்சாக ஏறியிருக்கும். அதற்கும் மேலே டெஃப்லான் வகைப் பூச்சு. தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே குடும்பம். பிளேடு இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போவது இந்தப் பூச்சால்தான். இதனால்தான் ஷேவ் முடிந்ததும் பிளேடைத் துண்டால் துடைக்கக் கூடாது என்கிறார்கள். துடைத்தால் பூச்சும் போகும், கூரும் போகும். அலசி, உதறி, காற்றில் உலர விட்டால் போதும்.

எஃகைவிட ஐம்பது மடங்கு மெத்தென்றிருக்கும் முடி எப்படி பிளேடை மழுக்குகிறது? இதை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். கியான்லூகா ரோசியோலி என்ற ஆய்வாளர் தன் முகத்தையே மழித்து, ஒவ்வொரு ஷேவுக்குப் பிறகும் அலகைச் சோதித்தார். முனை தேய்ந்து உருண்டுபோவதில்லை. பொடிப்பொடியாகச் சில்லு பெயர்கிறது. முடி வளைந்து கொடுக்கும்போது, எஃகின் உள்கட்டமைப்பு சீராக இல்லாத இடமாகப் பார்த்து அது பெயர்கிறது. 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு இது. நான்கைந்து ஷேவுக்குப் பிறகு பிளேடு முடியைப் பிடித்து இழுப்பதுபோல் தோன்றினால் அது வெறும் பிரமை இல்லை என்று அர்த்தம். அந்த நிமிடமே மாற்றிவிட வேண்டும். மழுங்கிய பிளேடில் கீறல் குறையும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: வெட்டாத பிளேடைக் கை தானாக அழுத்தும், அழுத்தினால் தோல் கிழியும்.

எது நல்ல பிளேடு? ஊருக்கெல்லாம் பொதுவாக ஒன்றைச் சொல்ல முடியாது. ஜப்பானின் ஃபெதர் பிளேடு கூர்மைக்குப் பெயர் போனது. முரட்டுத் தாடிக்காரருக்கு அது வரப்பிரசாதம். மெல்லிய தோலும் அவசரக் கையும் உள்ளவருக்கு அதுவே ஆபத்து. நம் கடைகளில் கிடைப்பதில் மூன்று நான்கு ரகம் ஒவ்வொரு பாக்கெட் வாங்குங்கள். ரேசர், கிரீம், தண்ணீர், நேரம் எதையும் மாற்றாமல் பிளேடை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு ரகத்தில் இரண்டு பிளேடாவது தீரும் முன் முடிவு கட்டாதீர்கள். கன்னம் பொய் சொல்லும், எந்த பிளேடும் அங்கே சுகமாகத்தான் போகும். மோவாய்க்கட்டையின் கீழும் கழுத்திலும் எப்படிப் போகிறது என்பதுதான் கணக்கு. ரேசர் பிடியை முகத்திலிருந்து ஏறக்குறைய முப்பது டிகிரி சாய்வில் பிடித்து, அதன் சொந்த எடையிலேயே போக விட வேண்டும்.

சுருட்டை முடிக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மூன்று அலகு, ஐந்து அலகு ரேசர்கள் முடியைத் தூக்கித் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுகின்றன. சுருண்டு வளரும் முடி மறுபடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே குத்தி, கழுத்தில் கொப்புளம் கட்டுகிறது. இவர்களுக்கு ஒற்றை பிளேடே சரி. முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் போகவே கூடாது. நூறு ரூபாயைத் தாண்டும் கார்ட்ரிட்ஜ் தராத நிம்மதியை சில ரூபாய் பிளேடு இவர்களுக்குத் தந்துவிடும்.

ஒரு காலத்தில் தேய்ந்த பிளேடுக்கும் வீட்டில் வேலை இருந்தது. பிள்ளைகளின் பென்சில் சீவவும் சட்டையின் தையல் பிரிக்கவும் அம்மாக்கள் அதை எடுத்து வைத்தார்கள். இப்போது அது நேராகக் குப்பைக்குப் போகிறது. அமெரிக்காவில் பழைய வீடுகளின் குளியலறைச் சுவரில் பிளேடு போட ஒரு சிறு துளை இருக்கும். அந்தச் சுவர்களை இடிக்கும்போது துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகக் கொட்டுகின்றன. நம் பேரூராட்சிகளில் குப்பையைத் தரம் பிரிப்பவை தூய்மைப் பணியாளர்களின் கைகள். மக்கும் குப்பையில் பிளேடைப் போட்டால் அது அந்தக் கையில்தான் ஏறும். காலியான பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, பழைய பிளேடுகளை அதில் போட்டு வாருங்கள். வாரம் ஒரு பிளேடு என்றாலும் வருஷத்துக்கு 52 தான். ஒரு டப்பா பல வருஷம் தாங்கும். நிறைந்ததும் வாயை ஒட்டி, உள்ளே பிளேடு இருப்பதைச் சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள்.