பந்தய விகிதம்: ஒரே கணக்கு, பல எழுத்துமுறைகள்

குதிரைப் பந்தயமானாலும் கால்பந்தானாலும், பணம் கட்டுபவர் முன் வைக்கப்படும் பந்தய விகிதத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. வென்றால் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒன்று. அந்த வெற்றிக்கு எவ்வளவு வாய்ப்பு இருப்பதாகக் கொண்டு விலை வைத்திருக்கிறார்கள் என்பது மற்றொன்று. முதலாவது கண்ணுக்கு உடனே தெரியும். இரண்டாவதைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும், முக்கியமானதும் அதுதான்.

பிரிட்டனில் பின்னமாக எழுதுவது பழைய வழக்கம். 5/2 என்றால், கட்டும் ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் 5 பவுண்டு லாபம். 100 பவுண்டு கட்டியவர் வென்றால் லாபம் 250. கட்டிய பணமும் திரும்புவதால் கைக்கு வருவது 350. கீழ் எண் பெரிதாக இருந்தால், உதாரணமாக 1/4 என்றால், அது வெல்லுமென்று பெரிதும் நம்பப்படும் குதிரை: 100 கட்டினால் லாபம் 25 மட்டுமே. லாபமும் கட்டிய பணமும் சமமாக இருப்பதை ‘ஈவன்ஸ்’ என்பார்கள். 2015-16 பருவத் தொடக்கத்தில் லெஸ்டர் சிட்டி அணி பிரீமியர் லீக் பட்டத்தை வெல்வதற்கு 5000/1 தரப்பட்டது. அந்த அணி 2016 மே மாதம் பட்டத்தை வென்றது.

பின்னங்களில் ஒப்பீடு கடினம். 11/8, 6/4, 13/8 மூன்றில் எது அதிகம் தரும் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. பழைய நாணய முறையில் அரை கிரவுன் என்பது ஒரு பவுண்டில் எட்டில் ஒரு பங்கு. அந்தக் காலத்தவருக்கு எட்டின் பின்னங்கள் கைப்பழக்கம். 1971இல் அந்த முறை போய்விட்டது, பின்னங்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 6/4ஐ இன்றும் 3/2 என்று சுருக்கி எழுதுவதில்லை.

ஐரோப்பாவின் பிற நாடுகள், ஆஸ்திரேலியா, கனடா ஆகியவற்றில் தசம முறை பரவலாக உள்ளது. அங்கே 5/2 என்பது 3.50, முன்சொன்ன மூன்றும் 2.38, 2.50, 2.63. கட்டிய தொகையை இந்த எண்ணால் பெருக்கினால் கைக்கு வரும் மொத்தம் கிடைக்கும். 3.50 முழுவதும் லாபம் என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. கட்டிய பணமும் அதற்குள் அடக்கம். நிகழ்தகவுக்கு 1ஐ இந்த எண்ணால் வகுத்தால் போதும்: 3.50க்கு ஏறக்குறைய 28.6 சதவீதம். கற்றுக்கொள்ள எளியது இந்த முறைதான்.

அமெரிக்க முறை 100 டாலரை அளவுகோலாகக் கொண்டது. +250 என்றால் 100 கட்டினால் லாபம் 250. -400 என்றால் 100 லாபம் பெற 400 கட்ட வேண்டும். பிரிட்டனின் 1/4 இதுவே. ஆசியாவில் ஹாங்காங் முறை லாபத்தை மட்டும் தசமத்தில் காட்டும்: 5/2 அங்கே 2.50. மலாய் முறையிலும் கழித்தல் குறி உண்டு. ஆனால் அமெரிக்க வழக்கத்துக்கு நேர்மாறாக, வாய்ப்புக் குறைந்த பக்கத்துக்குத்தான் அந்தக் குறி வரும்.

எந்த முறையில் எழுதினாலும் நடத்துபவரின் பங்கு உள்ளே இருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் பலமான அணிக்குப் புள்ளிகளைக் குறைத்து, இரு பக்கத்தையும் சமமாக்கிப் பந்தயம் வைப்பார்கள். அப்போது இரு பக்கத்துக்கும் வழக்கமாகத் தரப்படுவது -110. தசமத்தில் அது 1.91, அதாவது 52.4 சதவீத வாய்ப்பு. இரண்டையும் கூட்டினால் 100 வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 104.8 வருகிறது. பக்கத்துக்கு ஒருவராக இருவர் 110 டாலர் கட்டினால் சேர்வது 220. வென்றவருக்குப் போவது 210. மீதி 10 நடத்துபவருக்கு. இந்த விலையில் 21 பந்தயங்களில் 11ஐ வென்றால்தான் போட்ட பணமாவது திரும்பும். பாதிக்குப் பாதி சரியாகக் கணிப்பவர் நாளடைவில் பணத்தை இழப்பார்.