முதலாளி இல்லாத கடைக்குப் புதிய முகப்பு

கடையின் முகப்பை மாற்றுவது நமது வியாபாரிகளுக்குப் புதிய விடயமல்ல. பெயர்ப்பலகை மங்கினால் புதிதாக எழுதுகிறோம். இராக்கைகளை இடம் மாற்றுகிறோம். முதலாளி ஒருவர் தீர்மானித்துவிட்டால் பெருநாள் விற்பனைக்கு முன்னர் வேலை முடிந்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடத்தும், முதலாளி என்று ஒருவர் இல்லாத கடையின் முகப்பை எப்படி மாற்றுவது? திறந்த மூல மென்பொருள் ஒன்றின் இணையத்தளத்தைத் திருத்தி அமைப்போர் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். இணையத்தளம் வைத்திருக்கும் அல்லது வைக்க எண்ணும் நமக்கும் அதில் பாடம் உண்டு.

திறந்த மூல மென்பொருள் என்றால், அது எழுதப்பட்ட மூலம் எல்லோருக்கும் திறந்திருக்கும். எவரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் நமது நாட்டின் கணினி வல்லுநர்கள் உருவாக்கிய 'சஹானா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இதில் நாம் பார்க்கப்போகும் உதாரணம் 'ட்ரூபல்'. இது இணையத்தளங்களை அமைப்பதற்கான மென்பொருள். பெல்ஜியம் நாட்டின் டிரைஸ் பய்டார்ட் மாணவராக இருந்த காலத்தில் ஆரம்பித்த வேலை, 2001 ஜனவரியில் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. 2009 ஒக்டோபரில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் இணையத்தளமே இதற்கு மாறும் அளவுக்கு வளர்ந்தது.

மென்பொருள் வளர்ந்தது, அதன் சொந்த இணையத்தளமோ திட்டமில்லாமல் அறைக்குமேல் அறை கட்டிய வீடு போலாகியது. அங்கே வருவோர் ஒரே வகையினர் அல்லர். நிரல் எழுதும் நிபுணர் ஒருவர். தனது நிறுவனத்துக்கு இது பொருந்துமா என்று பார்க்க வருபவர் இன்னொருவர். முதல் தளத்தை அமைக்க வழி தேடும் புதியவர் வேறொருவர். மூவருக்கும் ஒரே வாசல். பழையவர்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும். புதியவர்தான் தடுமாறினார்.

2008இல் இந்தத் தளத்தைப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பு பிரித்தானியாவின் மார்க் போல்டனின் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. பாவனையாளர் ஆய்வில் தேர்ந்த லீஸா ரைக்கெல்ட்டும் அவருடன் சேர்ந்தார். கதவைப் பூட்டிக்கொண்டு வேலை செய்து, முடிந்த பின் திரையை விலக்கிக் காட்டுவதே வழமை. இவர்கள் அரைகுறை மாதிரிகளையே பகிரங்கமாக வைத்து, கருத்துக் கேட்டு, திருத்தி, அடுத்த மாதிரியை வைத்தார்கள். நமது பேச்சில் சொன்னால், எல்லாவற்றையும் மஷூராவில் செய்தார்கள்.

ஆனால் மஷூரா என்பது கூச்சல் போடுபவர் சொல்வதைக் கேட்பதல்ல. கருத்துச் சொல்ல முன்வருவோர் பெரும்பாலும் பழையவர்களே. தடுமாறிய புதியவர் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். அவர் புகாரும் எழுதமாட்டார். ஆகவே கேட்டால் மட்டும் போதாது, மனிதர்கள் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்க்கவும் வேண்டும்.

வடிவம் தயாரான பின்னரும் வேலை இலகுவில் முடியவில்லை. புதிய தளம் திறந்தது 2010 ஒக்டோபரில்தான். தொண்டர்களும் பங்கெடுத்துச் செய்த வேலை அது. அத்தோடு, ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை மூடிவிட்டுத் திருத்த முடியாது. வாடிக்கையாளர் உள்ளே நிற்கும்போதே கூரையை மாற்றுவது போன்றது அது. வரைபடத்துக்கு எடுக்கும் காலத்தையும் கட்டி முடிக்கும் காலத்தையும் வெவ்வேறாகக் கணக்கிட வேண்டும்.

இனி நமது பக்கத்துக்கு வருவோம்.

முதலாவது, தளம் யாருக்காக என்று தீர்மானியுங்கள். முதலாளிக்குப் பிடித்த நிறமும் அசையும் படமும் பொருளை விற்றுத் தராது. வாடிக்கையாளர் ஒருவரை அமர்த்தி, ஒரு பொருளின் விலையையும் கடையின் தொலைபேசி இலக்கத்தையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வழிகாட்ட வேண்டாம். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அதைத் திருத்துங்கள்.

இரண்டாவது, பழைய பக்கங்களின் விலாசங்களை அழிக்காதீர்கள். கூகுளிலும் பிறர் தளங்களிலும் பதிந்திருப்பவை அந்த விலாசங்களே. கடை மாறினால் பழைய இடத்தில் அறிவித்தல் ஒட்டுகிறோம் அல்லவா? அதுபோல் பழைய விலாசத்துக்கு வருவோரைப் புதிய பக்கத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை வடிவமைப்பாளரிடம் கேட்டுப் பெறுங்கள்.

மூன்றாவது, மென்பொருள் இலவசம் என்பதற்காகப் பராமரிப்பும் இலவசமாகாது. ட்ரூபலின் ஏழாவது பதிப்பு 2011 ஜனவரியில் வந்தது. அதற்கு அந்தத் திட்டம் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஜனவரி 5 உடன் நின்றன. இன்னும் அதிலேயே தளம் வைத்திருப்பவர் பூட்டுப் பழுதான கடையில் சரக்கை வைத்திருப்பவர் போன்றவர். உங்கள் தளம் எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில் இயங்குகிறது, அதனைப் புதுப்பிப்பவர் யார் என்று இன்றே கேளுங்கள். வருடாந்தச் செலவில் அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

நான்காவது, தளத்தின் பெயர் உங்கள் பெயரில் அல்லது உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதியப்பட்டிருக்க வேண்டும். செய்து தந்தவரின் பெயரில் இருந்தால், நாளை மனக்கசப்பு வரும்போது உங்கள் கடையின் பெயர்ப்பலகை அவர் கையில் இருக்கும். கடவுச்சொற்களின் பிரதியொன்றும் உங்களிடம் இருக்கட்டும். இவற்றை முற்பணம் கொடுக்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்கு மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு. கணினி விடயத்தில் மட்டும் அதை ஏன் விட வேண்டும்?

முதலாளியே இல்லாத இடத்தில் இவ்வளவு பொறுமையோடு புதியவரின் வசதியைத் தேடியிருக்கிறார்கள். தீர்மானம் முழுவதும் நம் கையில் இருக்கும்போது நமது வாடிக்கையாளருக்காக நாமும் அதைச் செய்யலாம். அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரகத் செய்வானாக.