முதல் குரல் எழுந்ததும் மற்றவர்கள் ஏன் பேசுகிறார்கள்?

காஞ்சிபுரம் மாவட்டத்து மாகறல் உட்படத் தமிழக ஊராட்சிகளில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும். தொடக்கத்தில் பலர் பேசத் தயங்குவார்கள். ஒருவர் குடிநீர்ப் பிரச்சினையை எழுப்பினால் அடுத்தடுத்துக் கைகள் உயரும். ஏன்?

பிறர் செய்வதைப் பார்த்தே ‘இங்கே இது சரி’ என்று மனம் முடிவெடுக்கிறது. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் குழு நியூயார்க் வீதியில் நடத்திய சோதனை 1969இல் வெளியானது. ஒருவர் மட்டும் மேலே பார்த்து நின்றபோது வழிப்போக்கர்களில் 4 சதவீதத்தினரே நின்றார்கள்; 15 பேர் பார்த்தபோது 40 சதவீதத்தினர் நின்றுவிட்டார்கள்.

இந்த இயல்பைக் கிராம சபையில் எப்படிப் பயன்படுத்தலாம்? சென்ற கூட்டத்தில் மக்கள் கேட்டவற்றையும் எடுத்த நடவடிக்கையையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். பெண்கள், இளைஞர்கள் எழுப்பிய கேள்விகள் முதலில் இடம்பெறட்டும். தம்மைப் போன்றவர் பேசி, பதிலும் பெற்றார் என்று தெரிந்தால் தயக்கம் குறையும்.