செம்பருத்தியில் மாவுப்பூச்சி

நம் கிராமங்களில் செம்பருத்திச் செடி இல்லாத முற்றம் அரிது. பூசைக்கு மலரும் தலைமுழுக இலையும் தரும் இச்செடியின் கொழுந்து சுருண்டு, காம்புகளில் பஞ்சு போன்ற வெண்மை படருமாயின், அது மாவுப்பூச்சியின் வேலையாகும். இதனைச் சிறு குறையென்று விட்டுவிடுதல் தகாது. 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளிப் பயிர்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. அப்பூச்சி செம்பருத்தியிலும் வாழும். ஆதலின் ஒருவர் முற்றத்துச் செடி மற்றவர் வயலுக்குக் கேடாக முடியலாம்.

மாவுப்பூச்சி, மெழுகுத்தூள் போர்த்தி, குருத்திலும் இலையின் அடிப்புறத்திலும் கூட்டமாய் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீரை நாடி எறும்புகள் வரும். அந்நீர் படிந்த இலைகளில் கரும்பூசணம் வளரும். எறும்புச் சாரி கண்டவுடன் இலையைத் திருப்பிப் பார்த்தல் நலம்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூற விரும்புகிறோம். வெண்மையாய்த் தோன்றுவன யாவும் பகையல்ல. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுவும் வெண்மெழுகு போர்த்தியிருக்கும். ஆயினும் அது பன்மடங்கு பெரிதாய், விரைந்து ஊர்ந்து செல்லும். கிரிப்டோலேமஸ் என்னும் இவ்வண்டு 1898-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொணரப்பட்டதாகும். அதனைக் கொல்வோர் தம் காவலனையே கொல்வோராவர்.

இனி, செய்ய வேண்டுவன:

1. பூச்சி மிகுந்த கிளைகளை வெட்டி உடனே எரித்துவிட வேண்டும். வேலியோரம் எறிந்தால் குஞ்சுகள் ஊர்ந்து மீண்டும் செடியேறும்.

2. எஞ்சிய பூச்சிகளை நீரைப் பீய்ச்சி உதிர்க்கலாம்.

3. ஒரு லிட்டர் நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, 20 மில்லி வேப்பெண்ணெய் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும்.

4. எறும்புகள் செடியேறாமல் தடுத்தல் வேண்டும். அவை மாவுப்பூச்சியின் எதிரிகளை விரட்டுவன.

கடும் நஞ்சை முதலிலேயே தெளித்தல் பிழையாகும். மெழுகுப் போர்வையால் பகைப்பூச்சி பிழைக்க, நண்பர்களே மடிவர். 2010-ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து தருவிக்கப்பட்ட நுண்குளவிகள், பப்பாளி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனைப் பெருமளவில் ஒடுக்கின. மருந்துகள் தந்திராத பயனை இச்சிற்றுயிர்கள் தந்தன. உப்பிக் கெட்டிப்பட்டுத் துளையுடன் கிடக்கும் பூச்சிகளைக் கண்டால், குளவிகள் பணியாற்றுகின்றன என்று அறிந்து, தெளிப்பதை நிறுத்திவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தை வீடுதோறும் மேற்கொள்வோமாக. முற்றத்தைக் காத்தால் வயலையும் காத்தவராவோம்.